வரைபடத்தின் மேல் ஒரு போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாதம் இருமுறை ஒரு வரைபடம் விரிகிறது. அதன்மேல் நூறு நூற்றைம்பது அட்டைச் சில்லுகள், இரண்டு பகடைகள், பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம். வீட்டுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பல ஆண்டுகளாகக் கேட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த விளையாட்டுகள் எப்படி வடிவமைக்கப்படுகின்றன என்பதுதான் எனக்கு நெருக்கமான பகுதி. அதற்கு இடம் கொஞ்சம் அதிகமாகவே போயிருக்கிறது.

இது பெரிய சதுரங்கம்தானே?

உறவு உண்டு. சதுரங்கம் என்ற பெயரே தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிப்பது. ஆனால் அந்தக் குதிரை எந்த அரசனுடையது, சண்டை எந்த ஊரில் நடக்கிறது, அன்று மழை பெய்ததா என்ற கேள்விகளுக்குச் சதுரங்கப் பலகையில் இடமில்லை. இரு பக்கமும் சமம். வெட்டினால் எதிரிக் காய் விழுந்தே தீரும்.

வரலாற்றுப் போர் விளையாட்டு ஒரு குறிப்பிட்ட நாளை எடுத்துக்கொள்கிறது. 1815 ஜூன் 18, வாட்டர்லூ என்றால், நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் நின்ற அந்த மேடு, ஊகுமோன் பண்ணை வீடு, முந்தைய இரவின் மழையில் ஊறிய வயல், மாலையில் கிழக்கிலிருந்து வெலிங்டனுக்குத் துணையாக வரப்போகும் பிரஷ்ய (ஜெர்மானிய) படை எல்லாம் மேசையில் இருந்தாக வேண்டும். நெப்போலியனுக்கு இருந்த படையும் நேரமும் நெருக்கடியும் உங்கள் கையில். அதை வைத்து என்ன செய்வீர்கள் என்பதுதான் ஆட்டம்.

இதை யார் கண்டுபிடித்தது? அமெரிக்கக் கம்பெனிகளா?

இல்லை, ஜெர்மானியர்கள். 1780-இல் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஆசிரியர் ஹெல்விக் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு நிலத்தோற்றத்தின் வண்ணங்களைக் கொடுத்தார். உண்மையான திருப்பம் பிரஷ்யாவில் வந்தது. ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி தொடங்கியதை, பீரங்கிப் படையில் இருந்த அவருடைய மகன் 1824-இல் முழுமையாக்கினார். கட்டங்கள் போய், 1:8000 அளவில் உண்மையான நில வரைபடம் வந்தது. ஆட்டத்தின் ஒரு சுற்று, அதாவது ஒரு 'முறை', போர்க்களத்தின் இரண்டு நிமிடம். இரு பக்கத்தாரும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். நடுவர் பகடை போட்டு விளைவைச் சொல்வார். பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவராக இருந்த மியூஃப்ளிங் இதைப் பார்த்துவிட்டு, படை முழுவதும் பழகவேண்டிய பயிற்சி என்று பரிந்துரைத்தார்.

பொழுதுபோக்காக வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1913-இல் அவர் வெளியிட்ட விதிகளில் ஈய வீரர்களும், சிறு குச்சிகளைச் சுடும் வில்சுருள் பொம்மைப் பீரங்கியும் உண்டு. அட்டைப் பெட்டியில் அடைத்துக் கடையில் விற்கும் வடிவத்தை உருவாக்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் எஸ். ராபர்ட்ஸ். அவருடைய முதல் விளையாட்டு 1954-இல் வந்தது. 1958-இல் அவருடைய நிறுவனம் ஏவலான் ஹில் என்ற பெயரில் நடக்கத் தொடங்கியது.

பொம்மை வீரர்களுக்குப் பெயின்ட் அடிப்பார்களே, அதுதானா இது?

அது ஒரு கிளை. 28 மில்லிமீட்டர் உயர வீரர்களைத் தனித்தனியாக வண்ணம் தீட்டி, மரமும் வீடும் வைத்த மேசையில், அளவு நாடாவால் தூரம் அளந்து நகர்த்துவார்கள். இடம் குறைவாக இருந்தால் 15 அல்லது 6 மில்லிமீட்டர் வீரர்கள். அந்த மேசைகளின் அழகு அலாதியானது. என் ஈடுபாடு வரைபடமும் அட்டைச் சில்லுகளும் கொண்ட கிளையில். அதனால் கீழே வருபவை பெரும்பாலும் அதைப் பற்றியவை.

ஏன் எல்லா வரைபடத்திலும் தேன்கூடு போல அறுகோணம்?

சதுரக் கட்டத்தில் பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு அடி. மூலைவழியாக நகர்ந்தால் உண்மையில் 1.41 அடி. இரண்டையும் ஒன்றாகக் கணக்கிட்டால் மூலைவழி போகும் படை வேகமான படையாகிவிடும். அறுகோணத்தில் அண்டைக் கட்டங்கள் ஆறும் மையத்திலிருந்து ஒரே தூரம். ராபர்ட்ஸின் கெட்டிஸ்பர்க் விளையாட்டு 1958-இல் சதுரக் கட்டங்களோடு வந்தது. 1961-இல் அதையே அறுகோணத்துக்கு மாற்றினார்கள்.

இன்னொரு பயன், ஒரு படைப்பிரிவைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் அதன் ஆதிக்க வளையமாக வைத்துக்கொள்ளலாம். எதிரி அந்த வளையத்துக்குள் கால் வைத்தால் நின்றாக வேண்டும். இந்த ஒரே விதியால் இடைவெளி விட்டு நிற்கும் நான்கைந்து சில்லுகள் ஒரு போர்முனை ஆகிவிடுகின்றன.

சில்லின் மேல் இருக்கும் பெட்டியும் எண்ணும் எனக்குப் புரியவே இல்லை.

ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரை அங்குலச் சதுரம், ஏறத்தாழக் கட்டைவிரல் நகத்தின் அளவு. நடுவில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள் இருந்தால் காலாட்படை. பழைய சிப்பாய்களின் மார்பில் குறுக்காகச் செல்லும் இரண்டு வார்களின் சாயல் என்பார்கள். ஒரே ஒரு சாய்கோடு என்றால் குதிரைப்படை. கரும்புள்ளி என்றால் பீரங்கி, நீள்வட்டம் என்றால் டாங்கி. பெட்டியின் தலையில் உள்ள குறி படையின் அளவைச் சொல்லும்: ஒரு பெருக்கல் குறி இருந்தால் பிரிகேட், இரண்டு இருந்தால் அதைவிடப் பெரிய டிவிஷன். கீழே இடப்பக்க எண் சண்டை வலிமை. வலப்பக்க எண் ஒரு முறையில் எத்தனை கட்டம் நகரலாம் என்பது.

சில்லைத் திருப்பினால் பின்பக்கத்தில் அதே படை, சிறிய எண்ணோடு. அடி வாங்கிய பின் அந்தப் படையின் நிலை அது. ஆறு முழுப் பிரிவுகளோடு காலையில் தொடங்கியவர் மாலையில் மேசையைப் பார்த்தால் பாதிச் சில்லுகள் குப்புறக் கிடக்கும். களைத்த படை என்பது என்ன என்று அப்போது கண்ணுக்குத் தெரியும்.

பகடை போட்டால் எல்லாம் அதிர்ஷ்டம்தானே?

பகடை உருள்வதற்கு முன்பே முக்கால் வேலை முடிந்துவிடுகிறது. 12 வலிமை கொண்டு 4 வலிமையைத் தாக்கினால் விகிதம் 3-க்கு 1. சண்டை முடிவு அட்டவணையில் அந்த நிரலுக்குப் போய்ப் பகடை போடுவீர்கள். அந்த நிரலில் பெரும்பாலான வரிசைகள் தாக்குபவருக்குச் சாதகமாக இருக்கும். ஓரிரண்டு வரிசைகளில் அவரே பின்வாங்க நேரும். 11-க்கு 4 என்றால் விகிதம் கீழ்நோக்கித் திருத்தப்பட்டு 2-க்கு 1 ஆகிவிடும். அந்த ஒரு புள்ளிக்காக எங்கிருந்து ஒரு பட்டாளத்தைக் கொண்டுவரலாம் என்று தேடுவதில்தான் ஆட்டக்காரரின் திறமை இருக்கிறது.

இரண்டு பகடைகளைக் கூட்டும் விளையாட்டுகளில் 7 வர 36-இல் 6 வாய்ப்பு. 2 வர ஒரே வாய்ப்பு. நடுத்தர விளைவுகள் அடிக்கடியும் அதிசயங்கள் அபூர்வமாகவும் நிகழ வேண்டும் என்று நினைக்கும் வடிவமைப்பாளர் இரண்டு பகடைகளைக் கையில் எடுப்பார். எத்தனை பகடை என்பதே, போரில் தற்செயலுக்கு எவ்வளவு இடம் என்பது பற்றிய ஒரு கருத்துதான்.

ஒரு ஆட்டம் முடிய எவ்வளவு நேரமாகும்?

சிறியவை ஒன்றரை மணி நேரம். நடுத்தரமானவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. 1979-இல் ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்த வட ஆப்பிரிக்கப் போர் விளையாட்டு ஒன்றுக்கு 1,500 மணி நேரம் வேண்டும் என்பது பரவலான மதிப்பீடு. இத்தாலிய வீரர்களுக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் ஒதுக்கும் விதிகூட அதில் உண்டு. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மேலிருந்து எல்லாம் தெரிகிறதே, உண்மையான தளபதிக்கு அப்படியா தெரிந்தது?

இந்தத் துறையின் மிகப் பெரிய சிக்கலை நேராகத் தொட்ட கேள்வி. மேசைமுன் அமர்ந்தவருக்கு எதிரியின் ஒவ்வொரு சில்லும் தெரிகிறது. தன் கட்டளை ஒன்றுகூடத் தவறாமல் நிறைவேறுகிறது. எந்தத் தளபதிக்கும் இவை வாய்த்ததில்லை.

தீர்வுகள் பல வழிகளில் வந்தன. பழைய பிரஷ்ய முறையில் நடுவர் ஒருவருக்கு மட்டுமே முழு உண்மை தெரியும். 1942-இல் லிவர்பூலில் பிரிட்டிஷ் கடற்படையின் பயிற்சிக்கூடத்தில் கில்பர்ட் ராபர்ட்ஸும் கடற்படையின் இளம்பெண் ஊழியர்களும் தரையையே அட்லாண்டிக் கடலாக்கினார்கள். சரக்குக் கப்பல் வரிசைகளுக்குக் காவலாகப் போகும் கப்பல்களின் தலைவர்கள் திரைக்குப் பின்னால் நின்று சிறு துளைவழியாக மட்டுமே பார்க்க முடியும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல் வரிசைக்குள்ளேயே புகுந்து தாக்குகின்றன என்பதை அந்தத் தரையில் ஆடித்தான் கண்டறிந்து, அதற்கு எதிரான வியூகத்தையும் அங்கேயே வகுத்தார்கள். வீட்டு விளையாட்டுகளில் எனக்குப் பிடித்தது மரக்கட்டை முறை. கட்டையின் ஒரு முகத்தில் மட்டும் படையின் விவரம் இருக்கும். அது உரியவரைப் பார்த்து நிற்கும். எதிரே இருப்பவருக்கு வெறும் நிறம்தான் தெரியும்.

கட்டளை பிந்துவதற்குச் சீட்டுக் குலுக்கல் முறை உண்டு. ஒரு கிண்ணத்தில் தளபதிகளின் பெயர்களைப் போட்டு எடுப்பார்கள். எவர் பெயர் வருகிறதோ அவருடைய படை மட்டும் இப்போது நகரும். நீங்கள் நம்பியிருந்த குதிரைப்படைத் தளபதியின் பெயர் கடைசியாக வரும்போது ஏற்படும் தவிப்பு, வெறும் புத்தக வாசிப்பில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஒரு விளையாட்டை வடிவமைப்பவர் எங்கே தொடங்குவார்? வரைபடத்திலா, விதிகளிலா?

ஒரு கேள்வியில். வாட்டர்லூவையே எடுத்துக்கொள்வோம். 'நெப்போலியன் பிரஷ்யர்கள் வருவதற்குள் வெலிங்டனை உடைத்திருக்க முடியுமா?' என்பது உங்கள் கேள்வி என்றால், ஐந்து கிலோமீட்டர் அகலப் போர்க்களம் போதும். ஒரு கட்டம் 400 மீட்டர், ஒரு முறை ஒரு மணி நேரம். சண்டை காலை பதினொன்றரை வாக்கில் தொடங்கி இருட்டும்போது முடிந்தது. ஆக, பத்து முறைகள். மாலை நான்கரைக்குப் பிறகு பிரஷ்யத் தளபதி பிளூகரின் முதல் படைகள் வரைபடத்தின் கிழக்கு விளிம்பில் நுழையும்.

'நெப்போலியன் தன் தளபதி குரூஷியிடம் 33,000 பேரைக் கொடுத்து வேறு பக்கம் அனுப்பியது தவறா?' என்பது கேள்வி என்றால், மேற்சொன்ன விளையாட்டு அதற்கு உதவாது. நான்கு நாள் படையெடுப்பு முழுவதும் வேண்டும். கட்டம் பல கிலோமீட்டராக வேண்டும். ஊகுமோன் பண்ணை வீடு ஒரு புள்ளியாகக்கூட மிஞ்சாது. ஒரே போரைப் பற்றி நூறு விளையாட்டுகள் இருப்பது இதனால்தான். எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்பதில் வடிவமைப்பாளரின் வாதம் இருக்கிறது. புதிய விளையாட்டு ஒன்றைத் திறந்தால், எதை விட்டிருக்கிறார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

படைக்கு 4 என்றும் 6 என்றும் யார் முடிவு செய்கிறார்கள்?

முதலில் தலைக்கணக்கு. எந்தப் பிரிவில் எத்தனை பேர், எத்தனை பீரங்கி என்று ஆவணங்களிலிருந்து பட்டியல் போடுவார்கள். ஐந்நூறு பேருக்கு ஒரு புள்ளி என்பது போல ஓர் அளவு வைத்தால் அடிப்படை கிடைத்துவிடும். அடுத்துதான் கடினமான பகுதி. பழகிய வீரர் ஐந்நூறு பேரும், நேற்றுச் சேர்ந்த ஐந்நூறு பேரும் ஒன்றல்லவே.

இதில் இரண்டு பள்ளிகள் உண்டு. காரணங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடும் பள்ளி: துப்பாக்கியின் எட்டும் தூரம், நிமிடத்துக்கு எத்தனை குண்டு, கவசத்தின் தடிப்பு என்று எல்லாவற்றையும் அட்டவணையாக்கும். இன்னொன்று விளைவிலிருந்து தொடங்குவது. ஜான் ஹில் 1977-இல் கொண்டுவந்த சிறுபடைச் சண்டை விளையாட்டில் இதைச் செய்து காட்டினார்: குண்டு பட்டதா என்பதைவிட, குண்டுமழையின் கீழ் அந்த வீரர்கள் எழுந்து ஓடுவார்களா, தலைவன் அருகில் இருந்தால் நிற்பார்களா என்பதே அங்கே முதன்மை. எனக்கு இரண்டாவது பள்ளிதான் சரியென்று படுகிறது. காரணங்களைப் பெருக்கப் பெருக்கத் துல்லியம் கூடுவதுபோலத் தோன்றும். உண்மையில் கூடுவது கணக்கு வேலை மட்டுமே.

தோற்கப்போகும் பக்கத்தை எடுத்து யார் விளையாடுவார்கள்?

ஆடு புலி ஆட்டம் ஆடியவர்கள் இதைக் கேட்கக் கூடாது. மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் நகர்வும் வேறு, வெற்றியும் வேறு. புலி ஆட்டை வெட்ட வேண்டும். ஆடு புலியை அடைக்க வேண்டும். படைபலம் சமமாக இல்லாமலே ஆட்டம் சமமாகிறது. போர் விளையாட்டிலும் அதே வழிதான். வாட்டர்லூவில் வெலிங்டன் எதிரியை அழிக்க வேண்டியதில்லை. மாலைவரை மேட்டைவிட்டு இறங்காமல் இருந்தால் போதும்.

இன்னொரு வழி, வரலாற்றில் நடந்ததைவிட எவ்வளவு சிறப்பாகச் செய்தீர்கள் என்று அளப்பது. 1945 ஏப்ரலில் பெர்லினைக் காப்பாற்ற ஜெர்மனியால் முடியாது. ஜெர்மன் பக்கம் ஆடுபவர் எத்தனை நாள் இழுத்தடித்தார் என்பதைக் கொண்டு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கலாம்.

நெப்போலியன் செய்த தவறை எனக்கு முன்கூட்டியே தெரியுமே. நான் அதைச் செய்ய மாட்டேனே?

தெரிந்த தவறை ஆட்டக்காரர் செய்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதிகள் பழைய விளையாட்டுகளில் நிறைய உண்டு. 'மூன்றாம் முறைவரை நெப்போலியனின் காவற்படையை நகர்த்தக் கூடாது' என்று ஒரு வரி. காரணம் சொல்லாத விதி அது. அப்படி எழுதுவதை நான் தோல்வி என்றே நினைக்கிறேன். நெப்போலியன் ஏன் காத்திருந்தார் என்பதை விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். காவற்படை உடைந்தால் படை முழுவதன் மனஉறுதியும் சரியும் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். நீங்களும் கடைசிவரை அதைத் தொடத் தயங்குவீர்கள்.

பிரஷ்யர்கள் எப்போது வருவார்கள் என்பதும் அப்படித்தான். நான்கரை மணி என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் நான்கு மணிவரை நிம்மதியாக இருப்பீர்கள். மூன்று மணி முதல் ஒவ்வொரு முறையும் பகடை போட்டுப் பார்க்கச் சொன்னால் அந்த நிம்மதி போய்விடும். 1993-இல் மார்க் ஹெர்மன் அமெரிக்க விடுதலைப் போருக்குக் கொண்டுவந்த சீட்டுக்கட்டு முறையும் இந்த வழியில் பெரிய பாய்ச்சல். நிகழ்வுகள் சீட்டுகளாகக் கைக்கு வரும். எது எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது.

விதிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சோதனை ஆட்டம். முதலில் தானே ஆடிப் பார்ப்பது, பிறகு நண்பர்களோடு, கடைசியில் விதிப்புத்தகத்தை அறிமுகமில்லாதவர்களிடம் கொடுத்துவிட்டு வடிவமைப்பாளர் வாயைத் திறக்காமல் இருப்பது. மூன்றாவதுதான் உண்மையான சோதனை. விதியில் ஒரு ஓட்டை இருந்தால் அவர்கள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விளைவு பிடிக்கவில்லை என்று திருத்துவது மட்டும் கூடாது. 1942 மே மாதம் ஜப்பானியக் கடற்படை அமெரிக்காவின் மிட்வே தீவு மீதான தாக்குதலை ஒத்திகை ஆடியபோது, நடுவர் பகடை போட்டு ஜப்பானிய விமானந்தாங்கிகள்மேல் ஒன்பது குண்டுகள் விழுந்ததாகச் சொன்னார். அகாகி, ககா இரண்டும் மூழ்கின. ஒத்திகையை நடத்திய உகாகி மதோமே குண்டுகளை மூன்றாகக் குறைத்து அகாகியைக் காப்பாற்றினார். மூழ்கிய ககாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது. அடுத்த மாதம் உண்மையான கடலில் அந்த இரண்டோடு இன்னும் இரண்டு விமானந்தாங்கிகளும் மூழ்கின. தோல்விக்குக் காரணம் இதுமட்டும் அல்ல. ஆனாலும் சோதனை ஆட்டத்தில் ஒரு பகடையைத் திரும்பப் போடக் கை நீளும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும்.

நம் ஊரில் நடந்த போரை வைத்து நானே ஒன்று செய்ய முடியுமா?

தாராளமாக. வந்தவாசியைத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். 1760 ஜனவரி 22. கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலியை, ஆங்கிலேயரின் அயர் கூட் வெளியிலிருந்து வந்து தாக்கினார். இரு பக்கத்திலும் ஐரோப்பிய வீரர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், அவர்களோடு நம் நாட்டுச் சிப்பாய்கள். சில்லுகள் முப்பதைத் தாண்டாது. முதல் முயற்சிக்குப் பொருத்தமான அளவு.

மேலே சொன்ன சிக்கல்கள் அத்தனையும் இதில் உண்டு. பிரெஞ்சுப் பக்கம் வந்திருந்த மராட்டியக் குதிரைப்படை சண்டையில் சேராமல் ஒதுங்கி நின்றது. அதை ஆட்டக்காரர் நம்பலாமா? சண்டையின் நடுவில் பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்து அந்தப் பக்க அணியே கலைந்தது. ஐந்தாம் முறையில் வெடிக்கும் என்று எழுதினால் அபத்தம். எழுதாமல் விட்டால் அந்த நாளே மாறிவிடும். நான் செய்து பார்த்த வரைவில் அதை, பீரங்கிச் சண்டையில் மிக அரிய பகடை விளைவாக, இரு பக்கத்துக்கும் பொதுவாக வைத்தேன். சோதனையில் பிரெஞ்சுப் பக்கம் ஆடியவர் முதல் முறையிலேயே முற்றுகைக் குழிகளில் இருந்த ஆட்களையும் இழுத்துக்கொண்டு மொத்தப் படையோடு அயர் கூட் படையின் மேல் பாய்ந்தார். கோட்டைக்குள் இருப்பவர்கள் வெளியே வந்து முதுகில் குத்தலாம் என்ற விதியை நான் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

விளையாட ஆள் இல்லை, பெட்டி வாங்கப் பணமும் இல்லை. என்ன செய்வது?

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேர்ந்துவிடும், உண்மைதான். வடிவமைப்பாளர்களே இலவசமாக வெளியிடும் விளையாட்டுகள் இருக்கின்றன; அச்சிட்டு, தடித்த அட்டையில் ஒட்டி, இரும்பு அளவுகோல் வைத்து வெட்டினால் ஒரு மாலை வேலை. வாஸல் என்ற இலவச மென்பொருளில் இன்னோர் ஊரில் இருப்பவரோடு கணினியிலேயே ஆடலாம். ஒருவரே ஆடுவதற்கென்று செய்யப்பட்டவையும் உண்டு. சாதாரண விளையாட்டையே இரு பக்கமும் நேர்மையாக மாறி மாறி ஆடுகிறவர்கள் இத்துறையில் ஏராளம். நானும் பல இரவுகள் அப்படித்தான் கற்றேன்.

இதெல்லாம் போரைக் கொண்டாடுவது ஆகாதா?

ஆகலாம், கவனம் இல்லாவிட்டால். இட்லரின் நாஜிக் கட்சிப் படைகளான எஸ்.எஸ். படைகளைத் தனியாகக் கறுப்புச் சில்லில் அச்சிட்டு அவற்றுக்கு ஒரு வசீகரம் சேர்க்கும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. இரண்டாம் உலகப் போரின் கிழக்கு முனை (ஜெர்மனி-சோவியத் போர்) பற்றிய பல விளையாட்டுகளில் எண்ணெய்க் கிணறு இருக்கிறது, ரயில்பாதை இருக்கிறது. அந்தப் படைகளின் பின்னால் ஊர் ஊராகக் கொல்லப்பட்ட மக்கள் இல்லை. எதை விட்டிருக்கிறார் என்று முதலில் பார்ப்பேன் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

அதேநேரம் வெல்ஸ் 1913-இலேயே, சிறு போரை மூன்று நான்கு முறை ஆடினால் பெரும் போர் எவ்வளவு மடத்தனமானது என்று விளங்கிவிடும் என்ற கருத்தை எழுதினார். நல்ல வடிவமைப்பாளர்கள் இன்று படைக்கு வெளியேயும் பார்க்கிறார்கள். இந்திய விடுதலைப் போராட்டத்தை வைத்து 2019-இல் புரூஸ் மான்ஸ்ஃபீல்டு வடிவமைத்த 'காந்தி' விளையாட்டில் அரசு, காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர்கள் என நான்கு தரப்புகள். அதில் அறப்போராட்டத்துக்கும் தனி விதிகள் உண்டு.

அப்படியானால் ஈழப் போரை வைத்து ஒன்று செய்வீர்களா?

இரண்டு முறை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனையிறவு போன்ற ஓர் இடத்தின் வரைபடத்தைப் பார்த்தால் வடிவமைப்பவரின் மனம் தானாகவே கட்டம் போடத் தொடங்கும்; அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 2009-இல் முள்ளிவாய்க்காலில் அந்தக் கட்டங்களுக்குள் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சில்லிலும் அடங்காதவர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை ஏந்தி அவர்களுடைய தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். நான் அங்கே இருந்தவன் அல்லன். என் மேசையில் அதை விரிக்க மாட்டேன். அங்கே இருந்த ஒருவர், தான் சொல்ல வேண்டியதை இந்த வடிவத்தில்தான் சொல்ல முடியும் என்று எண்ணி ஒன்றைச் செய்தால், அவருடைய விதிப்புத்தகத்தை முதல் வரியிலிருந்து வாசிப்பேன்.